மேற்கு வீட்டுப் பரஸ்தானம்

“பரஸ்தானம் வெச்சவ மூணு ராத்திரி தாண்டினா…” என்று எங்கள் பெரியப்பா ஆரம்பிப்பார், தம்பி. தாண்டினால் என்ன ஆகும் என்றும் சொல்வார். அந்தப் பாதிதான் எனக்கு மறந்துபோய்விட்டது. வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு பேசுகிற மனிதர். பாதி வார்த்தை வெளியே வரும், பாதி உள்ளேயே போய்விடும். இருந்த காலத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பரஸ்தானம் என்றால் தெரியுமா உங்களுக்கு? தெரியாதா. உங்கள் வயசுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெளியூர் போக நல்ல நாள் ஒன்று அமைகிறது, ஆனால் டிக்கெட் வேறொரு நாளைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நல்ல நாளில் ஒரு துணியில் அரிசி, மஞ்சள், தேங்காய், போகிறவருடைய உடுப்பு ஒன்று, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இருக்கிற இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். வைத்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். ராகுகாலம், எமகண்டம் எதுவும் ஒன்றும் செய்யாது.

நான் இதையெல்லாம் கட்டிக்கொண்டு அழுகிறவன் இல்லை. ஜெர்மனியில் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒரு பொருள் வெளியே போவதற்கு முன்னால் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் என் வேலை. அந்தப் பழக்கம், அவ்வளவுதான்.

மடியில் என்ன கவர், மேலே வைக்கலாமே என்று கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது கேட்டீர்கள். இது என் மகளுடைய பாஸ்போர்ட். மாதங்கி என்று பெயர். பெல்ஜியம் விசா ஒட்டி வந்திருக்கிறது. ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கப் போகிறாள். கல்லூரியிலேயே தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். ஒரே ஒரு செமஸ்டர்.

நானும் ஒரு செமஸ்டருக்குத்தான் போனேன்.

சிரிக்காதீர்கள். போனேன், படித்தேன், அங்கேயே ஒரு வேலை கிடைத்தது. வருஷங்கள் எப்படிப் போயின என்று தெரியாது. கல்யாணம், மாதங்கி பிறந்தது, அவளுக்குக் காது குத்தியது, எல்லாம் நான் லீவில் வந்துபோனபோது நடந்ததுதான். சின்ன வயசில் அவள் என்னை ‘ஜெர்மனி அப்பா’ என்று சொல்வாளாம். பள்ளிக்கூடத்தில் யாரோ, உனக்கு எத்தனை அப்பா என்று கேட்டுவிட்டார்களாம். சுகுணா, என் மனைவி, இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன், மாதங்கிக்காகத்தான். பெண் குழந்தை, பத்தாவது படிக்கிற வயசு, அப்பா பக்கத்தில் இருக்க வேண்டாமா. வந்து பார்த்தால் அவள் அறைக்கதவில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அம்மாவும் பெண்ணுமாகக் கடையில் வாங்கி, அவர்களே ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள். கோணல். பார்த்ததுமே எனக்குப் பொறுக்கவில்லை, கழற்றிவிட்டேன். சரியான ஸ்க்ரூ கிடைத்ததும் நேராகப் பொருத்தித் தருகிறேன் என்று சொன்னேன். அந்த அளவு ஸ்க்ரூ கும்பகோணத்தில் கிடைப்பதே இல்லை. தாழ்ப்பாள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம், அந்த வீட்டில் எதையும் யாரும் முறையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் பெல்ஜியம் என்றதும் நானே பொறுப்பை எடுத்துக்கொண்டேன். குளிர் பழகட்டும் என்று ஏசியைப் பதினாறில் வைத்து, ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். அங்கே குப்பையை வகைவகையாகப் பிரித்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் அபராதம். கொல்லையில் நிறத்துக்கு ஒன்றாக வாளி வாங்கி வைத்தேன். காலையில் குப்பை வண்டிக்கார அம்மா வந்து எல்லா வாளியையும் ஒரே தொட்டியில் கவிழ்த்துக்கொண்டு போவார். மாதங்கி அதை மாடியிலிருந்து பார்த்துக் கைதட்டுவாள்.

சாப்பிடும்போது கேள்வி கேட்பேன். “கடைசி பஸ் போயிடுச்சு. போன்ல சார்ஜ் இல்ல. பனி கொட்டுது. என்ன பண்ணுவே?”

“அழுவேன்ப்பா” என்பாள், தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

அது தப்பான பதில் என்று சொல்வேன். மறுபடி கேட்பேன். மறுபடியும் அதையே சொல்வாள். பிடிவாதம். சுகுணாவின் பக்கம் எல்லாருக்குமே அந்தப் பிடிவாதம் உண்டு.

விசா அலுவலகத்தில் முதலில் ஒரு நாள் கொடுத்தார்கள். பார்த்தால் அன்றைக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம். மாற்றினேன். அடுத்த நாள் கிடைக்கத் தாமதமாயிற்று. அதையும் மாற்ற வேண்டி வந்தது. போட்டோவின் பின்னணி வெள்ளை எனக்குத் திருப்தியாக இல்லை, லேசாக மஞ்சள் தட்டியது. நான் கவனிக்காவிட்டால் யார் கவனிப்பார்கள்? இதனால்தான் எல்லாம் இழுத்துக்கொண்டு போயிற்று என்பாள் சுகுணா. தூதரகம் நத்தை மாதிரி வேலை பார்த்தால் அதற்கு நானா பொறுப்பு?

ஒருவழியாகக் கைரேகை எல்லாம் கொடுத்தாயிற்று. இந்த வாரம் வந்துவிடும் என்று ஏஜென்ட் சொன்னார். அந்த வாரத்தில்தான் நல்ல நாள் இருந்தது, அதற்கப்புறம் வெகு நாளைக்கு இல்லை. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றேன். விசா கைக்கு வரட்டுமே என்றாள் சுகுணா. வந்தபிறகு நாளுக்கு எங்கே போவது?

பெல்ஜியம் மேற்கே. எங்களுக்கு மேற்கு வீடு எஸ்தர் சிஸ்டருடையது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள். பிள்ளைகள் கோயம்புத்தூரில், இங்கே தனியாகத்தான். எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே போனேன். “அதுக்கென்ன சார், கொண்டாங்க. ஃப்ரிட்ஜ் மேல வெச்சா எறும்பு வராது” என்றார்கள். எங்கள் மஞ்சள் மூட்டை, அவர்கள் வீட்டுக் குழந்தை ஏசு படத்துக்குக் கீழே, ஃப்ரிட்ஜ் மேல் போய் உட்கார்ந்தது.

அங்கேதான் பெரியப்பாவின் பாதிப் பேச்சு குறுக்கே வந்தது. மூட்டை மட்டும் போனால் போதுமா, ஆளும் போக வேண்டுமா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சீர்காழியில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டால், மூட்டை போதும் என்றார். அண்ணிக்குப் போனைக் கொடுத்தார்; ஆளும் போகவேண்டும், போனவர்கள் திரும்பி வாசல்படி மிதிக்கக்கூடாது, மிதித்தால் எல்லாம் முதலிலிருந்து என்றார் அண்ணி. ஆளுக்கு ஒன்று சொன்னால் நான் என்ன செய்வேன்? எதற்கும் இருக்கட்டும் என்று மாதங்கியையும் அங்கேயே தங்கச் சொன்னேன். இரண்டொரு நாள்தானே.

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த நிமிஷம் கிளம்பிவிட்டாள்.

அந்த வாரம் விசா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெல்ஜியத்தில் காலேஜ் திறந்துவிட்டார்கள். ஒரு தேதி வரைக்கும் கம்ப்யூட்டரிலேயே பாடம் கேட்கலாம், அதற்குள் நேரில் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் எஸ்தர் சிஸ்டர் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவள் பெல்ஜியத்துக் கிளாஸ் கேட்பாள். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மதில்சுவர். அந்தப் பக்கம் என் பெண். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் அவள் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது; எங்கள் மாடியில் துணி காய்கிறதே என்று அவள் ஓடி வந்தாள். கேட்டைத் திறந்துவிட்டாள். நான்தான் அங்கேயே நில் என்று சத்தம் போட்டேன். நின்றாள். நனைந்துகொண்டே என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் கேட் பக்கமே வந்ததில்லை.

நாங்கள் சைவம், தம்பி. சுகுணா சாம்பாரும் பொரியலும் மதில் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் தூக்குச்சட்டி அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. மாதங்கி மீன் சாப்பிடுகிறாளாம். அங்கே போனால் பழகத்தானே வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார்களாம். ஒருநாள் தலைமுடியைக் காதுவரைக்கும் வெட்டிக்கொண்டு நின்றாள். சுகுணா மதில்மேல் எக்கி அதைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். சாயங்காலமானால் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். போகப்போக அதில் சுகுணாவின் சத்தமும் கேட்டது. அவளுக்குத் தடை ஒன்றும் இல்லையே, போய்வரலாம். நானும் போயிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை.

நான் அவளுடைய அறையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கினேன். சின்னக் குக்கர், போர்வை, மிளகாய்ப்பொடி, காய்ச்சல் மாத்திரை, ஒவ்வொன்றின் மேலும் என்ன, எப்போது என்று தாள் ஒட்டினேன். எடை பார்த்தேன், குறைத்தேன், மறுபடி அடுக்கினேன். பெட்டி மதில் தாண்டிப் போயிற்று. மறுநாள் குக்கரும் போர்வையும் தாண்டித் திரும்பி வந்தன.

“அங்கயும் கடை இருக்கும்ப்பா” என்றாள்.

கடை எங்கே இருக்கிறது, எது மலிவு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடிவிடுவார்கள் என்று நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள், “நீங்க போனப்ப உங்களுக்கு யாராவது இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல. அதனாலதான் உனக்குச் சொல்றேன்.”

“அதனாலதான் திரும்பி வர இவ்ளோ நாள் ஆச்சா?”

அவளுக்கு விளையாட்டுப் பேச்சு அதிகம். நானும் சிரித்துவைத்தேன்.

காலேஜ் கொடுத்த தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. விசா வரவில்லை. போன வாரம் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் தடவை போதும், அவசரப்பட்டுப் போகிற பயணம் உருப்படாது, மூட்டையை அவிழ்த்துவிடுவோம், அடுத்த வருஷம் நிதானமாக, எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு போகட்டும். மதிலுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். “போதும்மா. வீட்டுக்கு வந்துடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. நான் கோபத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ரொம்ப நிதானமாகச் சொன்னாள். “நான்தான் கிளம்பிட்டேனேப்பா. நீங்கதானே அனுப்பி வெச்சீங்க.”

 முறைப்படி பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

நேற்று செல்போனில் செய்தி வந்தது, பாஸ்போர்ட் தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. விசா கிடைத்ததா இல்லையா என்று அதில் சொல்ல மாட்டார்கள்; கவரைப் பிரித்தால்தான் தெரியும். தானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். பரஸ்தானம் வைத்தவள் மேற்கே போகாமல் வடக்கே சென்னைக்கு வரலாமா? நான் போகிறேன் என்றேன். சுகுணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாதங்கி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, என் பெயருக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

என் திட்டம் என்னவாக இருந்தது என்றால், கவரைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாமி முன்னால் வைத்து, நல்ல நேரத்தில் பிரிப்பது. கிடைத்திருந்தால் அவள் எஸ்தர் சிஸ்டர் வீட்டு வாசலில் நிற்கட்டும், நாங்கள் அங்கே போய்த் திருநீறு பூசி, அப்புறம் டிக்கெட் பார்ப்பது. கிடைக்கவில்லை என்றால் வீட்டுக்கு வரட்டும்.

பஸ் கிளம்பின உடனே அவள் போன் வந்தது. நீங்களும்தான் பார்த்தீர்களே. பிரித்துப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பிரிக்கலாம் என்றேன். வைத்துவிட்டாள். அப்புறம் சுகுணா கூப்பிட்டாள். அப்புறம் மறுபடி மாதங்கி. பிரித்தேன். பச்சையும் சாம்பலுமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவள் போட்டோவோடு. பின்னணி வெள்ளைதான். மஞ்சள் எல்லாம் ஒன்றுமில்லை. வந்திருக்கு என்று சொன்னேன்.

 அப்புறம் சொன்னாள், இன்றைக்கு ராத்திரி விமானத்துக்கு நேற்றே டிக்கெட் போட்டுவிட்டாளாம். விசா கிடைத்ததா என்று தெரியாமலே. சுகுணாவுக்குத் தெரியுமாம். நாளை மறுநாள்தான் காலேஜ் சொன்ன கடைசித் தேதி. நான் கும்பகோணம் போய்ச் சேர்ந்து, அவள் அங்கிருந்து புறப்பட்டால் விமானத்தைப் பிடிக்க முடியாது. “விக்கிரவாண்டியில இறங்கிடுங்கப்பா. எஸ்தர் ஆன்ட்டி கார்ல நாங்க கிளம்பறோம். அம்மாவும் வர்றாங்க. டோல்கேட் தாண்டினதும் டீக்கடை வரிசை இருக்குல்ல, அங்க நிப்போம்.”

விக்கிரவாண்டியில். டோல்கேட்டில். லாரிகள் போகிற இடத்தில் நின்றுகொண்டு.

அதைத்தான் அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் நினைப்பீர்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இறங்கிக் கொடுக்க வேண்டியதுதானே என்று. இறங்காவிட்டால் என்ன ஆகும்? இந்த விமானம் போகும். தேதி போகும். இந்த செமஸ்டர் போகும். உயிரா போய்விடும்? அடுத்த வருஷம் இருக்கிறது. நான் இருக்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஏர்போர்ட்டில் இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூட நாங்கள் பேசவில்லை. அங்கே சமையலுக்கும் படிப்புக்கும் இடையில் எப்படி… சரி, அதை விடுங்கள்.

ஒரு தடவை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தம்பி. அவளுக்குத் தெரியாது. முதலில் தினமும் போன் வரும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரும். அப்புறம் பண்டிகைக்கு. வீட்டிலிருப்பவர்கள் குறைப்பதில்லை, போனவர்களும் வேண்டுமென்று குறைப்பதில்லை. அங்கே நாள் அப்படிப் போகும். என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது என் குரலைக் கேட்டு, யார் என்று கேட்டாராம். காது மந்தம்.

திண்டிவனத்தில் பஸ் நின்றபோது சுகுணா கூப்பிட்டாள். நீங்கள் தண்ணீர் வாங்க இறங்கியிருந்தீர்கள். காரிலிருந்து பேசினாள், பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கே வந்திருக்கிறீர்கள் என்றாள். சொன்னேன். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அந்தக் குரலில் பேசினதில்லை. “கவரைக் குடுங்க. வேற எதுவும் பேசாதீங்க.”

என்ன அர்த்தம் அதற்கு? பெண் கடல் தாண்டிப் போகிறாள், அப்பன் பேசாமல் யார் பேசுவார்கள்? நான் என்ன தப்பாகவா சொல்லப்போகிறேன்? ஜாக்கிரதை என்பேன். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே என்பேன். கிளம்பித்தான் ஆகவேண்டுமா, ஒருமுறை நன்றாக யோசித்துக்கொள் என்பேன். அதுவும் கேட்கவேண்டிய கேள்விதானே. கவரைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்பேன். அவள் நின்று கேட்பாள். அவள் எப்போதும் நின்று கேட்பவள்தான், குறுக்கே பேச மாட்டாள். நேரம் ஆகிறது என்று சிஸ்டர் ஹாரன் அடிப்பார்கள். நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். உங்களுக்கே தெரியும், கிளாம்பாக்கத்தில் ஆரம்பித்தது. திண்டிவனத்துக்கு முன்னாலேயே நீங்கள் தூங்கப் பார்த்தீர்கள்.

இல்லை, இல்லை, தப்பாகச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு வந்தீர்களே, அதுவே பெரிய விஷயம்.

செய்தி வந்திருக்கிறது பாருங்கள். வந்துவிட்டார்களாம். டீக்கடைக்கு எதிரே நிற்கிறார்களாம். டோல்கேட்டில் இன்றைக்குக் கூட்டம் இல்லை போலிருக்கிறது, பஸ் நிற்காமலே தாண்டிவிட்டது.

நீங்கள் ஏன் பையை எடுக்கிறீர்கள்? இங்கேயா இறங்குகிறீர்கள்? ஆஸ்பத்திரியில் வேலையா. இவ்வளவு நேரம் பேசினேன், உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கதிரேசனா. நல்லது.

அதோ, அந்தச் சிவப்புக் கார். முன்னால் உயரமாக நிற்பவர் எஸ்தர் சிஸ்டர். பெட்டிமேல் கைவைத்துக்கொண்டு நிற்பது சுகுணா. முடி குட்டையாக, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்க்கிறாளே, அவள்தான். இந்த பஸ்ஸை இன்னும் பார்க்கவில்லை.

இந்தாருங்கள் கதிரேசன். இதை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். நான் இறங்கவில்லை.